ஆங்கிலம் மட்டும் படிக்க வெளிநாடு போக எந்த விசா? (ஓ.எல். ஆங்கிலம் எஸ்)

சுதன்_களுதாவளை

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு வயது 20. ஏ.எல். முடிச்சிட்டா, ஓ.எல். ஆங்கிலம் எஸ் (சாதாரண சித்தி மட்டும்தான்). இப்ப பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல வரவேற்புப் பிரிவில வேலை செய்றா. ஆங்கிலம் நல்லா வந்தா அங்கேயே மேல போகலாம் எண்டு மேலாளரும் சொல்றார். ஆறு மாதத்தில இருந்து ஒரு வருசத்துக்குள்ள ஆங்கிலம் மட்டும் படிச்சிட்டுத் திரும்பி வரத்தான் விருப்பம். லண்டன்ல அம்மாட தம்பி இருக்கிறார், வீட்ட தங்கலாம் எண்டு சொல்லிட்டார்.

ஒரு முகவர் சொல்றது இது: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை, ஒரு வருச ஸ்டூடன்ட் விசா எடுக்கலாம், கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், வங்கிக் காசும் அவங்களே காட்டுவாங்களாம். நம்பலாமா?

கேள்வி மூண்டு. எந்த விசா? எவ்வளவு காசு, எத்தனை நாளைக்கு வங்கியில இருக்கோணும்? லண்டன் இல்லாட்டி வேற நாடு சரிவருமா? தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

---

வாவிக்கரை

சுதன், முகவர் சொன்ன மூன்றும் ஒரே விசாவுக்குள் வராது. பிரித்தானியாவில் ஆங்கிலம் படிக்க மூன்று வழி இருக்கிறது. உங்கள் தங்கச்சிக்கு எது பொருந்தும் என்பதைப் படிப்பின் நீளம்தான் தீர்மானிக்கும்.

முதல் வழி, ஆறு மாதத்துக்குள் முடியும் வகுப்பு. இதற்கு மாணவர் விசாவே தேவையில்லை. சாதாரண விசிட்டர் விசாவில், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்கலாம். 2025 ஏப்ரல் கட்டணம் 127 பவுண். சுகாதார வரி இல்லை, காசநோய்ப் பரிசோதனையும் இல்லை. வேலை செய்ய முடியாது.

இரண்டாவது, 6 முதல் 11 மாதம் வரையான ஆங்கில வகுப்பு. இதற்கென்று தனியாக ஷோர்ட் டேர்ம் ஸ்டடி விசா இருக்கிறது. வயது 16 ஆகியிருக்க வேண்டும். 2025 ஏப்ரல் கட்டணம் 214 பவுண், அதோடு சுகாதார வரி 776 பவுண். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் காசநோய்ச் சான்றிதழும் வேண்டும். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே இருக்க வேண்டும். ஹோட்டல் முகாமைத்துவம், கணினி என்று வேறு பாடம் கலந்திருந்தால் இந்த விசா பொருந்தாது. இதிலும் வேலை இல்லை, சம்பளமில்லாத பயிற்சி வேலைகூட இல்லை. அங்கே போன பிறகு வகுப்பை மாற்றவோ, விசாவை நீட்டவோ முடியாது. துணைவரையோ பிள்ளைகளையோ இந்த விசாவோடு சேர்த்து எடுக்க முடியாது.

மூன்றாவதுதான் முழு ஸ்டூடன்ட் விசா. முகவர் சொல்கிற 20 மணித்தியால வேலை இதன் கீழ்தான் வருகிறது, அதுவும் எல்லா மாணவருக்கும் இல்லை. எந்த மட்டத்துப் படிப்பு, எந்த வகை நிறுவனம் என்பதைப் பொறுத்தது. இந்த விசாவில் ஆங்கிலம் மட்டும் படிப்பதானால், அந்த வகுப்பு பி2 மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் (ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி1 நடுத்தரம், பி2 அதற்கு அடுத்த படி). பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்ட வகுப்பில் சேர்வதற்கே கையில் பி1 மட்டச் சான்று இருக்க வேண்டும். அதை ‘ஐஈஎல்டிஎஸ் ஃபோர் யூகேவிஐ’ மாதிரி பிரித்தானிய உள்துறை அமைச்சு ஏற்ற பரீட்சையில்தான் எடுக்க வேண்டும். சாதாரண ஐஈஎல்டிஎஸ்ஸும் அதே வினாத்தாள்தான், ஆனால் பதிவு வேறு. மாறிப் பதிந்தால் எவ்வளவு நல்ல புள்ளி எடுத்தாலும் அந்தச் சான்று செல்லாது. ஓ.எல். எஸ் என்ற நிலையில் இருந்து நேரே பி2 வகுப்புக்குப் போவது தங்கச்சிக்கும் பாரம்தான்.

ஆகவே “ஐஈஎல்டிஎஸ் வேண்டாம்” என்பது முதல் இரண்டு விசாவுக்கு உண்மை. “வேலை செய்யலாம்” என்பது அந்த இரண்டுக்கும் பொய்.

என் கருத்தில் 24 கிழமை வகுப்பும் விசிட்டர் விசாவும் போதும். 24 கிழமை என்றால் 168 நாள். ஆறு மாதத்துக்குள் வகுப்பு முடிந்து, திரும்பி வரச் சில நாளும் மிஞ்சும். 2025 கட்டணப்படி விசா 127 பவுணோடு முடிகிறது. அடுத்த வழிக்குப் போனால் 214உம் 776உம் சேர்ந்து 990 பவுண், பரிசோதனைச் செலவு வேறு. அந்த மிச்சத்தை நல்ல பள்ளிக்குக் கொடுப்பது மேல்.

பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முகவரிடம் கேட்காதீர்கள். பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் ‘அக்ரெடிட்டேஷன் யூகே’ பட்டியலை இணையத்தில் நீங்களே திறந்து, பள்ளியின் பெயரையும் நகரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு பள்ளி இருக்கும், முகவரியையும் பார்க்க வேண்டும். பள்ளி தரும் கடிதத்தில் வகுப்பின் பெயர், தொடங்கும் திகதி, முடியும் திகதி, கட்டணம் எல்லாம் இருக்க வேண்டும். தங்குமிடமும் பள்ளி தருவதானால் அதன் செலவும் வேண்டும். “நிபந்தனையுடன் இடம்” என்று இருந்தால் அந்த நிபந்தனையை முடித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

பள்ளிக்குக் காசு கட்டுமுன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பள்ளி சொல்லும் பக்கத்தை வாசியுங்கள். பதிவுக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும் பள்ளியும் உண்டு, கடிதம் கிடைத்து இத்தனை நாளுக்குள் அறிவித்தால்தான் என்று கட்டுப்பாடு போடும் பள்ளியும் உண்டு.

---

நஸீர்_அக்கரைப்பற்று

வாவிக்கரை சொன்னது சரி. நான் மற்ற நாடுகளைச் சொல்றன்.

அவுஸ்திரேலியா. ஆங்கில வகுப்புக்கு அங்க எலிகோஸ் எண்டு பேர். மூணு மாதத்துக்குள்ள எண்டா விசிட்டர் விசாவிலேயே படிக்கலாம். கூட எண்டா 500ஆம் இலக்க மாணவர் விசா. எலிகோஸ் மட்டும் தனியாப் படிக்கிறவங்களிட்ட விசாவுக்கெண்டு ஆங்கிலப் பரீட்சை கேக்கிறல்ல. ஆனா 2025 ஜூலை 1இல இருந்து விசாக் கட்டணம் 2,000 அவுஸ்திரேலிய டொலர். மறுத்தா அந்தக் காசு வராது. ஆறு மாத ஆங்கிலத்துக்கு இவ்வளவு கட்டணம் கட்டத்தான் வேணுமா எண்டு முதல்ல யோசிங்க. எனக்கு அது கூடத்தான்.

காட்ட வேண்டிய காசில மூணு பங்கு இருக்கு: படிப்புச் செலவு, வாழ்க்கைச் செலவு, பயணச் செலவு. 2024 மே 10இல இருந்து தனி ஆளுக்கு வாழ்க்கைச் செலவு 12 மாதத்துக்கு 29,710 டொலர். படிப்பு ஒரு வருசத்தை விடக் குறைவெண்டா நாள்க் கணக்கில குறையும். உதாரணத்துக்கு 30 கிழமை எண்டா 210 நாள். 29,710ஐ 365ஆல பிரிச்சு 210ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 17,100 வரும். தங்கப்போற நாள் வகுப்பை விடக் கூட எண்டா அந்த நாளையும் சேத்துக் கணக்குப் பாருங்க. இதுக்கு மேல வகுப்புக் கட்டணம், டிக்கெட். தங்குற காலம் முழுக்கவும் ஓஎஸ்எச்சி மருத்துவக் காப்புறுதி இருக்கோணும். வகுப்பு முடியிற நாளோட காப்புறுதியும் முடியிற மாதிரி வாங்கிட்டு, பிறகு திரும்ப வாங்க ஓடுறாங்க. முதல்லயே கூட்டி வாங்குங்க.

பள்ளி தாற சிஓஇ (சேர்ந்ததை உறுதிப்படுத்துற கடிதம்) இல்லாம விண்ணப்பம் போட ஏலாது. அதில கிரிகோஸ் (வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கிற பள்ளிகளின்ட அரச பதிவு) இலக்கம் இருக்கும், அதை அவுஸ்திரேலிய அரசின்ட கிரிகோஸ் தளத்தில போட்டுப் பாக்கலாம். பள்ளிக்கும் ஒரு இலக்கம், வகுப்புக்கும் ஒரு இலக்கம், ரெண்டும் பொருந்தோணும்.

இனி முக்கியமான பகுதி. 2024 மார்ச் 23இல இருந்து ‘ஜெனுயின் ஸ்டூடன்ட்’ (உண்மையாவே படிக்க வாறவங்களா) எண்டு கேள்விகள் விண்ணப்பத்துக்குள்ளேயே வருது. உங்கட இப்பத்த நிலைமை என்ன, ஏன் இந்த நாட்டில இந்தப் பள்ளியில இந்தப் படிப்பு, முடிச்சா என்ன பயன். ஒவ்வொண்டுக்கும் ஆகக்கூட 150 சொல்லு, ஆங்கிலத்தில எழுதோணும். முகவர்மார் ஒரே பதிலை எல்லாருக்கும் ஒட்டுறாங்க: “உலகத்தரம் வாய்ந்த கல்வி”, “பல்லினக் கலாசாரம்” எண்டு. அதில பிள்ளையப் பத்தி ஒரு விசயமும் இருக்காது. உங்கட தங்கச்சிக்கு எழுத நல்ல விசயம் இருக்கு. பாசிக்குடாவுக்கு வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் வாறாங்க, வரவேற்பு மேசையில புக்கிங் பிழை, பில் சண்டை, டாக்டர் தேவை எண்டு வந்தா ஆங்கிலத்திலதான் கதைக்கோணும், மனப்பாடம் செஞ்ச வசனம் அங்க உதவாது. இப்ப என்ன பதவி, திரும்பி வந்தா என்ன பதவி, அதை எழுதுங்க. தமிழில எழுதிட்டு ஆங்கிலத்துக்கு மாத்தினாலும் பரவால்ல. தங்கச்சிக்கு விளங்காத சொல்லு மட்டும் வேணாம்.

அவ பிறகு அங்கேயே ஹோட்டல் துறை டிப்ளோமா படிக்கிற எண்ணம் எண்டா கதை வேற. ஆங்கிலத்தையும் டிப்ளோமாவையும் ஒரே விசாவில கோர்க்கலாம். அப்ப மட்டும் ஐஈஎல்டிஎஸ் வேணும்: தனி டிப்ளோமாவுக்கு 6.0, குறைஞ்சது 10 கிழமை எலிகோஸ் சேர்ந்தா 5.5, 20 கிழமை சேர்ந்தா 5.0.

கனடா: ஆறு மாதமோ அதுக்குள்ளயோ எண்டா ஸ்டடி பெர்மிட் தேவையில்ல, விசிட்டர் விசா போதும். அதுக்கு மேல எண்டா ஸ்டடி பெர்மிட், மாகாணம் தாற சான்றுக் கடிதம், 2025 செப்டம்பர் 1இல இருந்து தனி ஆளுக்கு வருசத்துக்கு 22,895 கனேடிய டொலர் வாழ்க்கைச் செலவு, கட்டணம் வேற. ஆங்கிலம் மட்டும் படிக்கிறவங்களுக்கு அங்க வெளி வேலை அனுமதி இல்ல. “கனடாவுக்கு ஆங்கிலம் படிக்கப் போய் வேலை செய்யலாம்” எண்டு யாரும் சொன்னா எழும்பி வந்திருங்க.

அயர்லாந்தில 25 கிழமை வகுப்பு, கிழமைக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாம, ஐலெப் எண்ட, அந்த நாட்டு அரசு ஏற்ற படிப்புகளின்ட பட்டியல்ல இருக்கிற பள்ளியில. கட்டணம் 6,000 யூரோவை விடக் குறைவெண்டா முழுசையும் கட்டிட்டுத்தான் விசா கேக்கோணும். படிச்சிட்டு வேலையும் செய்ய அனுமதி இருக்கிற ஆங்கில வகுப்பு வேணுமெண்டா அயர்லாந்தைப் பாக்கலாம். ஆனா லண்டன்ல மாமா வீடு இருக்கைக்க டப்ளின்ல வாடகை தேடுறது எதுக்கு?

---

பதிவேடு (கல்முனை)

விசா வகையை இருவரும் சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்து ஃபைல்கள் அடிபடுவது பெரும்பாலும் காகிதத்தில். அதை விரிவாக எழுதுகிறேன்.

பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் ஆங்கில எழுத்து வரும், ஓ.எல். சான்றிதழில் பள்ளிக்கூடம் அனுப்பிய எழுத்து இருக்கும். தர்ஷினி என்ற பெயரில் ‘எச்’ ஓரிடத்தில் வரும், இன்னோரிடத்தில் வராது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, மற்ற இடத்தில் தலைப்பெழுத்தாக நிற்கும். நமக்கு இது ஒரே ஆள். கொன்சியூலர் அதிகாரிக்கு இரண்டு பெயர்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதுவே நல்ல சமயம். ஓ.எல். சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கும் அடையாள அட்டைக்கும் பொருந்துகிற மாதிரி விண்ணப்பப் படிவத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், விசா விண்ணப்பம், பள்ளிக் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து இருக்கட்டும். பழைய சான்றிதழில் வேறுபாடு இருந்தால், இரண்டு எழுத்திலும் குறிக்கப்படுவது ஒரே நபர் என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். எந்த ஆவணத்தில் எந்த எழுத்து என்று அதில் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். “பெயரில் சிறு வித்தியாசம் உண்டு” என்று மொட்டையாக எழுதினால் பிரயோசனம் இல்லை.

மொழிபெயர்ப்பு. தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பிறப்பு, விவாகச் சான்றிதழ், ஜிஎஸ் கடிதம், காணி உறுதி எல்லாவற்றுக்கும். பிரித்தானியாவுக்கு மொழிபெயர்ப்பில் நான்கு விசயம் இருக்க வேண்டும்: மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயரும் கையொப்பமும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள். முத்திரை தெளிவாக விழவில்லை என்றால் அங்கேயே திரும்ப அடிக்கச் சொல்லுங்கள், ஸ்கேன் பண்ணும்போது மங்கிய முத்திரை கறுப்புப் பொட்டாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் தங்கச்சியின் பெயரை எழுதும்போது பாஸ்போர்ட் பிரதியை அவர் முன் வையுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் வழக்கப்படி எழுதுவார், மூன்றாவதாக ஒரு பெயர் பிறந்துவிடும்.

காசு. எத்தனை நாள் என்று கேட்டீர்கள். முழு ஸ்டூடன்ட் விசாவுக்குத்தான் 28 நாள் கணக்கு. குறிக்கப்பட்ட தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்டேட்மென்ட்டின் கடைசித் திகதி விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். 2025 நவம்பரில் இருந்து தொகை லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண், ஆகக்கூடியது 9 மாதத்துக்கு. கட்டாத கட்டணம் இருந்தால் அதுவும் சேரும். ரூபாயில் இருக்கிற காசை ஒவாண்டா நாணய மாற்று விகிதத்தில், விண்ணப்பித்த நாளின் விகிதப்படி பவுணுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். சரிமட்டாக வைத்திருந்து ரூபாய் கொஞ்சம் இறங்கினால் தொகை குறைந்துவிடும். நூற்றுக்குப் பத்தாவது கூடுதலாக வையுங்கள்.

விசிட்டர் விசாவுக்கும் ஷோர்ட் டேர்ம் விசாவுக்கும் இப்படி நிலையான தொகை இல்லை. வகுப்புக் கட்டணம், சாப்பாடு தங்குமிடம், திரும்பும் டிக்கெட், இவற்றுக்கு வேலை செய்யாமல் காசு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொகை இல்லாததால் இது இலேசு என்று நினைக்க வேண்டாம். அதிகாரி பார்ப்பது கணக்கின் ஓட்டத்தை. கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட் கொடுங்கள். மாதம் நாற்பதாயிரம் வந்து போகிற கணக்கில் திடீரென்று இருபது இலட்சம் விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற காகிதம் பின்னால் நிற்க வேண்டும். காணி விற்ற காசென்றால் உறுதியும், வாங்கியவர் அனுப்பிய வங்கிப் பதிவும். ஓய்வூதியப் பணிக்கொடை என்றால் அந்தக் கடிதம். நகை அடகு வைத்த காசு என்றால் அது கடன், சேமிப்பு என்று சொல்ல முடியாது. அடகுச் சீட்டைக் காட்டினால் திருப்பிக் கட்டுவது யார் என்ற கேள்வி வரும். சீட்டுப் பிடித்து எடுத்த காசு கையில் வாங்கியது, அதற்குக் காகிதமே இல்லை. அதை நம்பி ஃபைல் கட்டாதீர்கள். காணியின் மதிப்பீட்டு அறிக்கை ஊரில் பற்று இருக்கிறது என்று காட்ட உதவும், செலவுக் காசாக எடுக்க மாட்டார்கள்.

முகவர் “காசு நாங்கள் காட்டுகிறோம்” என்று சொல்வதற்கு அர்த்தம், வட்டிக்கு ஒருவருடைய காசை உங்கள் கணக்கில் சில நாள் போட்டு எடுப்பது, அல்லது போலி வங்கிக் கடிதம். வங்கியோடு நேரே சரிபார்க்கிறார்கள். போலி என்று தெரிந்தால் பிரித்தானியாவில் 10 வருடம் வரை மறுப்பு, கனடாவில் 5 வருடம், அவுஸ்திரேலியாவில் 4020 விதிப்படி 3 வருடம். விண்ணப்பம் முகவர் நிரப்பினாலும் பொறுப்பு தங்கச்சிக்குத்தான். இருபது வயதுப் பிள்ளையின் பெயரில் அப்படி ஒன்று விழ விடாதீர்கள், சுதன்.

வேலைக் கடிதம். திரும்பி வருவதற்கு இதைவிடப் பலமான சான்று தங்கச்சியிடம் இல்லை. ஹோட்டலின் கடிதத்தாளில் பதவி, சேர்ந்த திகதி, மாதச் சம்பளம், ஈபிஎஃப் இலக்கம், எத்தனை மாதம் விடுமுறை அனுமதித்திருக்கிறார்கள், திரும்பும் திகதி, திரும்பினால் எந்தப் பதவி, ஒப்பமிட்டவரின் பெயர், தொலைபேசி எல்லாம் இருக்கட்டும். சம்பளம் கையில் கொடுக்கிறார்கள் என்றால் இப்போதிருந்தே வங்கிக்குப் போடச் சொல்லுங்கள். கடிதத்தில் ஒரு சம்பளம், கணக்கில் வேறு தொகை என்றால் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்குள் போகும்.

---

சுதன்_களுதாவளை

மூண்டு பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. முகவரிட்ட இனிப் போறதில்லை. 24 கிழமை, விசிட்டர் விசா எண்டு வீட்டில கதைச்சிட்டம். இன்னும் ரெண்டு சந்தேகம். மாமா செலவு பொறுப்பெடுத்தா ஏற்பாங்களா? அவர் அம்மாட தம்பி எண்டு எப்படிக் காட்டுறது? அம்மாட பிறப்புச் சான்றிதழ் சுனாமியில போயிட்டுது. அப்பாட காசு கொஞ்சம் நிலையான வைப்பில இருக்கு, அதைக் காட்டலாமா?

---

பதிவேடு (கல்முனை)

ஓம், விசிட்டர் விசாவில் மாமா பொறுப்பெடுக்கலாம். உறவு உண்மையானதா, அவரால் முடியுமா, அவர் சட்டப்படி அங்கே இருக்கிறாரா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். முழு ஸ்டூடன்ட் விசா என்றால் மாமாவின் காசு எடுபடாது, பிள்ளையினுடையதோ பெற்றோரினுடையதோதான். இது பலருக்குத் தெரியாமல் போய் மாட்டுகிற இடம்.

மாமாவிடம் கேளுங்கள்: பாஸ்போர்ட் அல்லது வதிவிட உரிமைச் சான்று, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டும், வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமைப் பத்திரம், கவுன்சில் வரிக் கடிதம். வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர் இருக்கிறார்கள், தங்கச்சி எந்த அறையில் என்பதை அவர் தன் கடிதத்தில் எழுத வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் நல்லது. “எல்லாச் செலவும் என் பொறுப்பு” என்று பொதுவாக எழுதாமல், வகுப்புக் கட்டணம் யார் கட்டுவது, கைச்செலவு யார், டிக்கெட் யார் என்று பிரித்து எழுதட்டும். கட்டணத்தை அப்பா கட்டி, தங்குமிடமும் சாப்பாடும் மாமா என்றால் இரண்டு பக்கக் கணக்கும் ஒன்றையொன்று தாங்கும்.

உறவுக்கு மூன்று பிறப்புச் சான்றிதழ் ஒரு சங்கிலியாக வேண்டும். தங்கச்சியினுடையதில் தாய் பெயர். அம்மாவினுடையதிலும் மாமாவினுடையதிலும் ஒரே தாய் தகப்பன் பெயர். அம்மா கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியிருந்தால் விவாகச் சான்றிதழும்.

சுனாமியில் போனது வீட்டில் இருந்த பிரதி மட்டும்தான், பதிவு வேறு இடத்தில் இருக்கும். பிறப்பு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் சுருக்கமாக முடியும். தெரியாவிட்டால் பிறந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் தேடச் சொல்லி விண்ணப்பத்தில் எழுத வேண்டும். இலக்கம் தேடிப் பார்க்க நல்ல இடங்கள்: அம்மாவின் பழைய அடையாள அட்டை விண்ணப்பப் பிரதி, பள்ளிக்கூட அனுமதிப் பதிவேடு, விவாகப் பதிவு. பதிவே இல்லை என்று ‘தேடிக் கிடைக்கவில்லை’ கடிதம் வந்தால் அடுத்தது அனுமான வயதுச் சான்றிதழ், அல்லது காலம் கடந்த பதிவு. அதற்கு மாதக்கணக்கு ஆகும் என்பதால் எல்லாவற்றுக்கும் முதல் இதைத் தொடங்குங்கள்.

நிலையான வைப்பைக் காட்டலாம். வைப்புச் சான்றிதழின் பிரதி மட்டும் போதாது. முதிர்ச்சிக்கு முன்பே உடைத்துக் காசை எடுக்கலாம், அதன் மேல் கடன் எதுவும் எடுக்கவில்லை என்று வங்கி முகாமையாளர் ஆங்கிலத்தில் கடிதம் தர வேண்டும். வைப்பை வைத்துக் கடன் எடுத்திருந்தால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். அப்பாவின் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள், வைப்புக்கு வட்டி வந்து விழுவது அதில் தெரியும்.

---

வாவிக்கரை

ஒழுங்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பள்ளிக் கடிதம் கிடைத்த பிறகு ஒன்லைனில் விண்ணப்பத்தை நிரப்பிக் காசு கட்ட வேண்டும், அதன் பிறகுதான் கொழும்பு விஎஃப்எஸ் விசா விண்ணப்ப நிலையத்தில் கைரேகைக்கும் படத்துக்கும் நாள் எடுக்கலாம். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக மூன்று கிழமை. வகுப்புத் தொடங்க எட்டுக் கிழமை இருக்கும்போது போட்டால் ஓட்டம் இருக்காது.

ஆவணங்களை, கைரேகை கொடுக்கப் போகும் நாளுக்கு முதல் நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். போனில் பிடித்த படம் ஓரம் வெட்டுப்படும், முத்திரை தெரியாது. ஒரு விசயத்துக்கு ஒரு பிடிஎஃப்: மூலமும் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்த பக்கமாக. மட்டக்களப்பில் இருந்து இரவு ரெயிலோ பஸ்ஸோ எடுத்துப் போவதானால் காலை பத்து மணிக்குப் பிந்திய நேரத்தைப் பிடியுங்கள். ரெயில் தாமதித்து நேரம் தவறினால் இன்னொரு நாள் எடுத்துத் திரும்ப வர வேண்டும்.

மனம் மாறி ஆறு மாதத்துக்கு மேலான வகுப்பு எடுத்தால் மட்டும் காசநோய்ப் பரிசோதனை வருகிறது. கொழும்பில் ஐஓஎம் (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) நடத்தும் நிலையத்தில் எடுத்த சான்றிதழ்தான் செல்லும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எடுபடாது. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு வர இரண்டு மாதம் வரை எடுக்கும். வகுப்புத் திகதியைக் குறிக்குமுன் பரிசோதனையை முடிப்பது அதனால்தான்.

---

நஸீர்_அக்கரைப்பற்று

கடைசியா ஒண்டு தம்பி. அதிகாரி கேக்கக்கூடிய கேள்வி: “இலங்கையிலேயே பிரிட்டிஷ் கவுன்சில் வகுப்பு இருக்கு, எச்என்டிஇ (ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா) இருக்கு, ஏன் இவ்வளவு செலவழிச்சு லண்டன்?” தங்கச்சி தன்ட சொல்லில பதில் வைக்கோணும். எச்என்டிஇ ரெண்டு மூணு வருசத்துப் படிப்பு, வேலையை விட வேண்டி வரும். ஹோட்டல் தாற லீவு ஆறு மாதம்தான் எண்டா அதையும் சொல்லலாம். கொழும்பில பகுதிநேர வகுப்பெண்டா பாசிக்குடாவில இருந்து போய் வர ஏலாது. கிழமைக்கு இத்தனை மணித்தியால முழுநேர வகுப்பு, வீதியிலயும் கடையிலயும் ஆங்கிலம். இந்த விசயங்களைத் தன் கடிதத்தில ஒரு பக்கத்துக்குள்ள எழுதட்டும். வகுப்பின்ட பேர், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், மொத்தக் கட்டணம், மாமா வீட்டுல இருந்து பள்ளிக்குப் போற பாதை, இதெல்லாம் கடதாசி பாக்காமச் சொல்லத் தெரிஞ்சிருக்கோணும்.

ஓ.எல்., ஏ.எல். சான்றிதழை பரீட்சைத் திணைக்களத்தின்ட ஒன்லைன் சேவையில ஆங்கிலத்தில எடுக்கலாம். பள்ளிக்கூடத்துப் பெறுபேற்றுத் தாளைக் குடுக்காம அதையே குடுங்க.